ஓரத்தில் எழுதிய ஆசாமி

மார்ச் 3, திங்கள்
காலை 138/88.

டாக்டர் சொன்னபடி இன்று முதல் ரத்த அழுத்தத்தைக் குறித்து வைக்கிறேன். எண்ணைப் போட்டுவிட்டு அன்றைக்கு நடந்ததையும் பக்கத்தில் எழுத வேண்டுமாம். எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று அவர் பார்த்துக்கொள்வாராம். இது உரக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியா விளம்பரம் இருந்தாலும் ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

டாக்டரின் தகவலுக்காக: பெயர் ஆவுடையப்பன். கோவில்பட்டி சுடர் வாசகசாலையில் முப்பத்தொரு வருடமாக நூலகர். தீப்பெட்டி ஆலைக்காரர்கள் சேர்ந்து கட்டிய தனியார் நூலகம், அதனால்தான் அந்தப் பெயர். ஏப்ரல் 30-ல் ஓய்வு. வெற்றிலை, புகையிலை, வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

ஆசை ஒன்று உண்டு. எங்கள் நூலகத்தில் ஊழியர் உறுப்பினராக முடியாது. மூவாயிரம் பேருக்கு உறுப்பினர் அட்டை எழுதிக் கொடுத்த எனக்கு ஓர் அட்டை கிடையாது. மே பிறந்ததும் என் பெயரில் அட்டை வாங்கி, ஜன்னலோரம் மூன்றாவது மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் "ஷ்" என்று அதட்டாமல் படிக்கப் போகிறேன். அட்டையை எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டேன். தேதி மட்டும் போட வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்
காலை 136/86. மாலை 148/94.

சென்னையில் ஓர் அறக்கட்டளையிலிருந்து ஹசீனா என்ற பொறியாளர் வந்திருக்கிறார். கடையநல்லூர்ப் பெண். இரண்டு குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு கேமரா, ஒரு கம்பி ஸ்டாண்டு, ஒரு லேப்டாப்போடு இரண்டு மாதம் இங்கே இருப்பாராம். எங்கள் புத்தகங்களையெல்லாம் படம் எடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அப்புறம் கண் தெரியாதவர்கள் ஒரு நம்பருக்குப் போன் செய்து புத்தகத்தின் பெயரைச் சொன்னால், செயற்கை நுண்ணறிவு அதை வாய்விட்டு வாசித்துக் காட்டும். அதற்கு 'வாசகி' என்று பெயர் வைத்திருக்கிறார். நல்ல காரியம். நான் மனமார வரவேற்றேன்.

"நீங்க பக்கத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தாப் போதும் சார். பக்கத்துல என்ன இருந்தாலும் வாசகி வாசிச்சிரும். படம், கறை, பேனா எழுத்து, எதா இருந்தாலும்" என்றார்.

"பேனா எழுத்துமா?"

"அதுதான் சார் இதோட சிறப்பே. கறுப்பு வெள்ளையிலதான் படம் எடுக்கோம். ஆனாலும் எந்தக் கையெழுத்தா இருந்தாலும் படிச்சிரும்."

கறுப்பு வெள்ளை என்பது நல்ல செய்தி. ஏன் நல்ல செய்தி என்றால், கணினியில் இடம் மிச்சம்.

அழுத்தம் ஏறியதற்குக் காரணம் வெயில்.

மார்ச் 6, வியாழன்
மாலை 150/94.

இரண்டு நாளில் அறுபது புத்தகம் திருப்பினேன். சில புத்தகங்களின் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் மூடிக்கொண்டு திருப்பினேன். பக்கம் பறக்காமல் இருக்க அப்படிச் செய்வதுதான் முறை.

சாயங்காலம் ஹசீனா சோதனைக்காக ஒரு பக்கத்தைப் போட்டுக் காட்டினார். வாசகி கணீரென்று வாசித்தது: "இளவரசி மாடத்தில் நின்றாள். இங்கே ஒரு கட்டைவிரல் உள்ளது. நகம் வெட்டப்படவில்லை. அடுத்த பக்கம். நிலா எழுந்தது. அதே கட்டைவிரல் மீண்டும் வருகிறது."

"விரலை எடுத்துருங்க சார்" என்றார் ஹசீனா. வீட்டுக்கு வந்ததும் நகம் வெட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி
134/86.

விடுமுறை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

மார்ச் 12, புதன்
காலை 138/88. மாலை 162/100.

இன்று முதல் வாசிப்பு. செயலாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி முன்னிலையில் நடந்தது. அவர் ஓய்வுபெற்ற தாசில்தார். பத்து வருடமாக எங்கள் செயலாளர். என் மேசைக்கு எதிர் மேசை. இந்தப் பத்து வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு பக்கம் வராது. கூரை ஒழுகுகிறது, தச்சரை வரச் சொல்லும், மினிட்ஸ் நோட்டைக் கொண்டாரும், அவ்வளவுதான். மனிதர் அப்படி.

முதல் வாசகராக ஜெபமணி அக்காவை அழைத்திருந்தோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டோம். அக்கா கேட்டது 'மல்லிகைச் சபதம்' என்ற குடும்ப நாவல்.

வாசகி வாசித்தது: "கல்பனாவின் கண்களில் நீர் ததும்பியது. நாற்பது பக்கத்தில் இது ஒன்பதாவது தடவை. இந்தப் பெண்ணுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, பெரியாஸ்பத்திரியில் காட்டினால் தேவலை. கண் டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். சேகர் அவள் கூந்தலை வருடினான்."

அப்புறம் போனில் ஒரு சத்தம் கேட்டது. அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இது எழுதுன மகராசன்? மேல வாசி, மேல வாசி" என்றார்.

ஹசீனா புத்தகத்தைக் கேட்பதற்குள் நானே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். "யாரோ ஒரு வாசகன் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறான். அதையும் சேர்த்துப் படித்துவிட்டது" என்று விளக்கினேன். செயலாளர் மூன்று முறை இருமினார்.

ஆஸ்பத்திரியைப் பற்றிய வரியும் டாக்டரைப் பற்றிய வரியும் இரண்டு பேர் எழுதியவை என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று டாக்டர் கேட்கக் கூடாது.

மார்ச் 13, வியாழன்
156/96.

செயலாளர் விதி எண் 14-ஐச் சுட்டிக்காட்டினார். அது வாசலிலேயே பலகையில் இருக்கிறது: 'நூல்களில் எழுதும் வாசகர்கள் ஆயுளுக்கும் இந்நூலகத்துக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.'

1998-ல் ஒரு பொதுக்குழுவில் ஓரக் கிறுக்கல் பற்றிப் புகார் வந்தது. அப்போது இந்த விதியை முன்மொழிந்ததே நான்தான். ஒரு மாதத் தடை போதும் என்றார்கள். ஆயுள் தடை வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கிறுக்கியவனை அவ்வளவு வெறுக்கும் மனிதன் மேல் எவனுக்குச் சந்தேகம் வரும்? நான் சொல்ல வந்தது, அவ்வளவு வெறுத்தேன் என்பதுதான்.

மார்ச் 18, செவ்வாய்
144/90.

ஜெபமணி அக்கா சும்மா இருக்கவில்லை. மதுரை, நாகர்கோவில், தூத்துக்குடி என்று தனக்குத் தெரிந்த பார்வையற்றோர் எல்லாருக்கும் நம்பரைக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு பேர் கேட்பார்கள் என்று ஹசீனா திட்டம் போட்டிருந்தார். நேற்று மட்டும் நூற்றெண்பது அழைப்பு.

'பன்னிரண்டாம் நம்பர் பங்களா' என்ற மர்ம நாவலுக்குத்தான் ஏகப்பட்ட கிராக்கி. அதன் முதல் பக்கத்திலேயே யாரோ, "கொலை செய்தது தோட்டக்காரன். நான் இரண்டு நாளை வீணாக்கினேன், நீயாவது பிழைத்துப் போ" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த வரியில் இன்னொருவர், "தோட்டக்காரன் அல்ல. 212-ம் பக்கத்தை நிதானமாகப் படிக்கவும்" என்கிறார். கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து போனிலேயே சண்டை போடுகிறார்களாம்.

தோட்டக்காரன்தான். 212-ம் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் ஹசீனாவிடம், "அந்தப் பேச்சு இருக்கிற புஸ்தகமாக் குடுங்க மேடம், வெறும் புஸ்தகம் வேண்டாம்" என்று கேட்டாராம். வெறும் புத்தகம்! எழுதிய எழுத்தாளர் கேட்டால் என்ன ஆவார்? வரும் வழியில் கடலைமிட்டாய் வாங்கிச் சாப்பிட்டேன். மனம் லேசாக இருந்தது. அழுத்தமும் இறங்கியிருக்கிறது. கடலை இதயத்துக்கு நல்லது போலும்.

மார்ச் 24, திங்கள்
மாலை 170/104.

புத்தகப் பட்டியலை வாசகியே தயாரித்துவிட்டது. யார் எத்தனை எழுதியிருக்கிறார் என்று எண்ணி, அதிகம் எழுதியவரை மேலே போட்டிருக்கிறது. கையெழுத்தையெல்லாம் அது ஒப்பிட்டுப் பார்த்து ஆள்வாரியாகப் பிரிக்குமாம். அச்சுக்கும் பேனாவுக்கும் வித்தியாசம் பாராட்டவில்லை. எழுதியவர் யாராயிருந்தாலும் அதற்கு ஆசிரியர்தான். முதல் இரண்டு வரிகள்:

பெயர் அறியா ஆசிரியர் 1: நூல்கள் 412.
பெயர் அறியா ஆசிரியர் 2: நூல்கள் 97.

நாடறிந்த எழுத்தாளர்கள் எல்லாம் இதற்குக் கீழே இருபது, முப்பது என்று வரிசையில் நிற்கிறார்கள்.

"நானூத்திப் பன்னெண்டு சார்! ஒரே ஆளு! இந்த நூலகத்துலயே பெரிய எழுத்தாளர் இவருதான்" என்று ஹசீனா கைதட்டினார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானூறுக்குள் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அதாவது, இருக்கக்கூடும் என்று.

மார்ச் 25, செவ்வாய்
166/102.

செயலாளர் விசாரணைக்கு உத்தரவிட்டார். "மூவாயிரம் உறுப்பினர் விண்ணப்பமும் கட்டுக்கட்டா கெடக்குல்லா? அதை எல்லாம் கேமராவுல காட்டும்வே. கையெழுத்து சிக்கிரும்" என்றார். தாசில்தார் மூளை.

நான் அமைதியாகவே இருந்தேன். விண்ணப்பம் எழுதினால்தானே சிக்குவதற்கு? ஊழியர் உறுப்பினராகக் கூடாது என்ற விதியை இன்றுதான் முதல் தடவையாக வாழ்த்தினேன். அலுவலக எழுத்தும் எனக்கு வேறு. அட்டவணையில் எல்லாம் குண்டு குண்டாக நிற்கும். இந்த டைரி எழுத்துதான் சாயும்.

இழுப்பறையில் இருக்கும் என் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 27, வியாழன்
140/90.

காலையில் ஆறாம் நம்பர் விண்ணப்பம் வரை படம் எடுத்திருந்தோம். ஏழாம் நம்பரை நான் எடுத்து வைத்தபோது செயலாளர் எழுந்து வந்து கேமரா விளக்கை அணைத்தார்.

"விசாரணை வேண்டாம். உறுப்பினர்களோட கௌரவம் இருக்குல்லா. வாபஸ்" என்றார்.

ஏழாம் நம்பர் உறுப்பினர் யார் என்பது எனக்குத் தெரியும். எல்லா அட்டையும் நான் எழுதியதுதானே. ஹசீனா கேட்டார், நான் மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்
154/96.

செயலாளர் எழுத்தில் உத்தரவு கொடுத்துவிட்டார்: 'நூலகத்தின் மாண்பு கருதி, ஓரக் குறிப்புகள் அனைத்தும் ஒலிப் பதிவிலிருந்து உடனடியாக நீக்கப்பட வேண்டியது.' முட்டாள்கள் தினம் என்று ஹசீனா சிரித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆகியும் அண்ணாச்சி பச்சை மையை விடவில்லை. கோப்பிலும் அதுதான், பால் கணக்கிலும் அதுதான். எங்கள் நூலகத்தில் பச்சை மைப் பேனா வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். இதைச் சும்மா எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்
158/98.

நீக்கிவிட்டார்கள். இருபத்தெட்டு வருட வேலை, ஹசீனா ஒரு பொத்தானை அமுக்கினார், போய்விட்டது. யாருடைய வேலையோ.

ஏப்ரல் 5, சனி
160/98.

ஜெபமணி அக்கா ஆட்டோ பிடித்து நேரில் வந்துவிட்டார். கைத்தடியால் விதிப் பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வாருங்கள் அக்கா" என்ற என் குரலை வைத்து நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்தப் பேச்சை எங்க தூக்கிப் போட்டீய?"

"அது விதிக்குப் புறம்பானது அக்கா."

"எனக்கு எட்டு வயசுல இருந்து யாராவது வாசிச்சுக் காட்டுவாவ. வாசிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவாவ. புஸ்தகத்தைப் பத்தி எங்கூடப் பேச மாட்டாவ, அவசரம். இந்த ஓரத்து மனுசன் வந்த பொறவுதான் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கூடப் படிக்கிற மாதிரி இருந்துச்சு. இப்பம் மறுபடி ஒத்தையில கேக்கேன்."

தண்ணீர் குடித்தேன்.

"எழுதுனவரு யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது அக்கா."

"நான் முப்பத்தஞ்சு வருசம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. ஹலோ சொல்லுத தோரணையிலயே ஆளைச் சொல்லிருவேன். நாள் பூரா வாயை மூடிக்கிட்டு இருக்கவன்தான் இப்பிடி எழுதுவான்."

"அப்படி ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள்."

"இருப்பாவ. ஆயிரம் பேரு கையிலயும் நானூத்திப் பன்னெண்டு புஸ்தகம் கெடைக்காதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதிர் மேசையில் செயலாளர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்
162/100.

நாற்பது புகார்க் கடிதம். அதில் இருபது பிரெயிலில், ஹசீனாதான் வாசகியிடம் காட்டிப் படித்தார். அவர் ஒரு வழி சொன்னார். அறக்கட்டளை விதிப்படி, உயிரோடு இருக்கும் ஆசிரியர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் எழுத்தை யாரும் நீக்க முடியாது. உத்தரவு போட்டாலும் செல்லாது. ஏப்ரல் 30-க்குள் படிவம் வராவிட்டால், இப்போது எடுத்து வைத்திருக்கும் குறிப்புகளை அடியோடு அழித்துவிட வேண்டும். அப்புறம் திரும்பக் கிடைக்காது.

இரண்டு படிவத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பக்கத்திலேயே விதி 14.

கையெழுத்துப் போட்டால் பேச்சு பிழைக்கும், ஆள் ஆயுளுக்கும் வெளியே. போடாவிட்டால் ஆளுக்கு நாற்காலி, பேச்சுக்குச் சாவு. அந்த ஆசாமியின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்
மாலை 178/108.

சித்திரைப் பிறப்பு. பாயசத்துக்குப் பிறகு என் மனைவி உலகம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குறிப்புகளை நீக்குவதற்கு முன் ஜெபமணி அக்கா நூறு வகைத் துவையல் புத்தகத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். அது இப்போது ஊர் பூராவும் சுற்றுகிறது.

"ஏங்க, இங்க வாங்க. இதைக் கேளுங்க."

வாசகியின் குரல்: "பீர்க்கங்காய்த் தோல் துவையல். இதை எங்கள் வீட்டில் செய்தார்கள். நான் மூன்று கவளம் தின்றேன். நான்காவதை ஜன்னல் வழியாக அனுப்பினேன். பக்கத்து வீட்டு ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது."

"பக்கத்து வீட்ல ஆடு வச்சிருந்தது கோவில்பட்டிக்குள்ள எத்தனை பேருக்குங்க?" என்றாள்.

"நிறையப் பேருக்கு இருக்கும்."

"முப்பது வருசமா சட்டைப் பையில நீல மையைத் துவைக்கேன். ஆபீஸ்ல கொடுத்தது கறுப்பு மைப் பேனான்னு எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் காப்பி வரவில்லை. இரவு பீர்க்கங்காய்த் தோல் துவையல். முழுவதும் தின்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு
152/96.

ஒன்றும் இல்லை. அலமாரி துடைத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்
170/102.

நாளை பிரிவுபசாரம். டாக்டர், இந்தப் பக்கத்தை நீங்கள் மருத்துவத்துக்காகப் படிக்க வேண்டாம்.

நான்தான்.

என் தலைக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்கும். அதற்குக் கீழே முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். எல்லாரையும் வாயை மூடச் சொல்வது என் வேலை, அதனால் நானும் மூடிக்கொண்டேன். ஆனால் படித்தால் பேசத் தோன்றுமே. 'மல்லிகைச் சபதம்' படித்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்வது? உலகம்மாளுக்குக் கதை பிடிக்காது. வாசகர்கள் புத்தகத்தைத் தந்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். ஒரு நாள் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன். அப்புறம் கை நிற்கவில்லை.

பதினெட்டு வருடம் பதிலே கிடையாது. அப்புறம் ஒரு நாள் என் நீல வரிக்குக் கீழே பச்சையில் ஒரு வரி இருந்தது: 'தவறு.' அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். அதற்கப்புறம் தொண்ணூற்றேழு புத்தகத்தில் சண்டை போட்டிருக்கிறோம். நிமிர்ந்தால் எதிரே கூரை ஒழுகலைப் பற்றி மட்டும் பேசுவோம்.

படிவத்தைக் கிழித்து எடுத்து வந்துவிட்டேன். அட்டை வேண்டாம் போலிருக்கிறது. நாற்காலி வேண்டும் போலவும் இருக்கிறது. ஜெபமணி அக்கா ஒத்தையில் கேட்கிறார்.

ஏப்ரல் 30, புதன்
காலை 176/106. மாலை பார்க்கவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கூட்டம். காரச்சேவு, கடலைமிட்டாய், டீ. செயலாளர் என்னைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார். அதில் இரண்டு நிமிடம் கூரை. பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நான் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து நீல மைப் பேனாவை எடுத்து, படிவத்தில் எல்லாரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, ஹசீனாவிடம் கொடுத்தேன். சாய்ந்த எழுத்து. அவர் கேமராவுக்குக் கீழே வைத்தார்.

வாசகி சொன்னது: "பெயர் அறியா ஆசிரியர் 1 அடையாளம் தெரிந்தது. ஆவுடையப்பன்."

யாரோ டீயைக் கொட்டினார்கள். முன் வரிசையில் உலகம்மாள் பக்கத்துப் பெண்ணிடம், "ஆடு எங்க பக்கத்து வீட்டு ஆடுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானே இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துச் செயலாளரிடம் நீட்டினேன். "விதி 14, அண்ணாச்சி" என்றேன்.

அவர் அட்டையை வாங்கிக்கொண்டார். விதியை வாய்விட்டு வாசித்தார். அரங்கம் அமைதியாக இருந்தது. என் சர்வீஸில் நான் சொல்லாமலே அமைதியானது இதுதான் முதல் தடவை.

ஜெபமணி அக்கா மட்டும் எழுந்தார். "அது சரி, இவருக்கு எதிர்ப்பேச்சு பேசுனது யாரு? அந்த 'நிதானமாகப் படிக்கவும்'? அந்த ஆளும் இங்கதான் இருக்காரு. இப்பம் இருமுவாரு பாருங்க."

செயலாளர் இருமினார்.

பிறகு பேனா மூடியைத் திறந்தார். அந்த மூடி திறக்கும் சத்தத்தைப் பத்து வருடமாகக் கேட்கிறேன், இன்றைக்குத்தான் அது எனக்கு இனிமையாக இருந்தது. அறிவிப்புப் பலகையிலிருந்து மீதிப் படிவத்தை எடுத்துப் பச்சையில் கையெழுத்துப் போட்டார். வாசகி அவர் பெயரையும் சொன்னது.

"அப்பம் ரெண்டு பேரும் வெளியவா? நூலகத்தை யாரு தெறப்பா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ மனு விசாரிப்பது போல நின்றார். "விதியை நல்லாப் பாருங்க. 'நூல்களில் எழுதும் வாசகர்கள்'னுதான் இருக்கு. அம்மா ஹசீனா, பட்டியலைக் காட்டு. இந்த ஆவுடையப்பன் யாரு? ஆசிரியர். நானூத்திப் பன்னெண்டு நூலுக்கு ஆசிரியர். ஆசிரியர் தன் நூல்ல எழுதுததுக்கு விதியில தடை இல்ல. கோப்பு முடிஞ்சுது."

"பட்டியல்ல அது பிழைங்க சார், நாளைக்குத் திருத்தலாம்னு இருந்தேன்" என்றார் ஹசீனா.

"திருத்தாதம்மா" என்று கூட்டம் முழுவதும் கத்தியது.

செயலாளர் என் அட்டையில் தேதி போட்டார். பச்சையில். "தோட்டக்காரன் இல்ல வே" என்று என் காதருகே சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நேரில், வாயால், ஒரு புத்தகத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்பனாவைக் கேலி செய்திருக்கக் கூடாது.

குழப்பத்தில் இந்த டைரியை நூலக மேசையிலேயே மறந்துவிட்டு வந்தேன். மேலே உள்ளதை வீட்டில் காலண்டர் தாளில் எழுதி அப்புறம் ஒட்டியிருக்கிறேன்.

மே 3, சனி
காலை 124/82.

காலை ஒன்பது மணிக்கு உறுப்பினராக நுழைந்தேன். மூன்றாவது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடவில்லை. முப்பத்தொரு வருடம் வாசகர்கள் புகார் சொன்னபோது நான் நம்பியதில்லை.

குறிப்புகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஜெபமணி அக்கா நேற்றே நான்கு புத்தகம் கேட்டுவிட்டாராம்.

டைரி செயலாளரின் மேசையில் இருந்தது. நான் போய் நின்றதும் அவர் அதை என் பக்கம் தள்ளினார். புரட்டிப் பார்த்தேன். மார்ச் 12-ம் தேதிப் பக்கம். 'செயலாளர் மூன்று முறை இருமினார்' என்று நான் எழுதிய இடத்துக்கு நேரே, அந்தத் தாராளமான ஓரத்தில், பச்சையில் ஒரு வரி: "தவறு. இரண்டு முறை."

அதற்குக் கீழே நீலத்தில் எழுதினேன்: "மூன்று. நிதானமாக நினைத்துப் பார்க்கவும்."

பதிலுக்கு இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன்; இதை எழுதி முடித்ததும் டைரியை அவர் மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போகப் போகிறேன்.